நடுராத்திரி 'டமார்' சத்தம்... வீட்டு ஷட்டர் ஸ்பிரிங் உடைஞ்சா என்ன செய்யணும், எதைச் செய்யவே கூடாது?

நள்ளிரவு ஒரு மணி. வீட்டு முன்பக்கத்தில் 'டமார்' என்று ஒரு சத்தம். திருடனோ என்று செல்போன் டார்ச்சோடு ஓடிப்போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. பூட்டு பூட்டினபடியே இருக்கு. சரி, பூனை எதையோ தள்ளிவிட்டிருக்கும் என்று படுத்துவிடுகிறீர்கள். காலையில் பைக்கை எடுக்கலாம் என்று ஷட்டரைத் தூக்கினால், ஒரு கையால் சர்ரென்று மேலே போகிற ஷட்டர் இன்று இரண்டு கையால் இழுத்தும் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை.

பூனை பாவம். உடைந்தது ஷட்டரின் ஸ்பிரிங்.

உடனே யூடியூபைத் திறந்து 'கராஜ் டோர் ஸ்பிரிங்' என்று தேடுவீர்கள். கொஞ்சம் பொறுங்க. அதில் வருவதெல்லாம் பெரும்பாலும் அமெரிக்க வீடுகள். அங்கே கதவு பலகை பலகையாக மடங்கி, கூரைக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். நம்ம ஊர்க் கதை வேறு. கள்ளக்குறிச்சி மாவட்டம் மூங்கில்துறைப்பட்டு மாதிரி ஓர் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். சாலையை ஒட்டிய வீடு என்றால் முன்னால் ஒரு கடை அறை, பின்னால் குடித்தனம். கடை நடக்காத வீட்டில் அந்த அறைதான் பைக், கார் நிற்கிற ஷெட். அதற்குக் கதவு, தகடு தகடாகக் கோத்து மேலே சுருளும் இரும்பு ஷட்டர். அந்த வீடியோவைப் பார்த்து இந்த ஷட்டரில் ஸ்பேனரை வைத்தால் ஆபத்துதான்.

ஏன்னா, ஷட்டரின் மொத்த வித்தையும் மேலே தகரப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கிறது. இரண்டு பக்கச் சுவரிலும் பிராக்கெட், அதற்கு நடுவே ஒரு பைப், பைப்பைச் சுற்றி ஸ்பிரிங்குகள். ஷட்டரை நீங்கள் கீழே இறக்க இறக்க ஸ்பிரிங் முறுகிக்கொண்டே வரும். அந்த முறுக்குதான் மறுபடி தூக்கும்போது உங்களுக்குக் கை கொடுக்கிறது. ஆக, ஷட்டர் முழுசாக மூடியிருக்கும்போதுதான் ஸ்பிரிங் உச்சபட்ச இறுக்கத்தில் இருக்கும். ராத்திரி எல்லாரும் தூங்கும்போது அது தானாக உடைந்து சத்தம் போடுவதில் பேய், பிசாசு எதுவும் இல்லை.

ஸ்பிரிங் எவ்வளவு எடையைச் சுமக்கிறது தெரியுமா? ஒரு சின்னக் கணக்கு. 10 அடி அகலம், 8 அடி உயரம் உள்ள ஷட்டரின் பரப்பு சுமார் 7.4 சதுர மீட்டர். தகட்டின் கனம் 1.25 மி.மீ. என்றால், வெறும் தகட்டு எடையே 70 கிலோவைத் தாண்டிவிடும். தகடுகளின் வளைவு, கீழே இருக்கும் கனமான பட்டை, பூட்டு எல்லாம் தனி. இதைத்தான் தினமும் ஒரு கையால் தூக்கிக்கொண்டிருந்தீர்கள். ஸ்பிரிங் போனபின் அந்த எடை முழுக்க உங்கள் முதுகுக்கு வருகிறது. பாதியில் கை நழுவினால், கீழே நிற்கிறவர் காலுக்கு வருகிறது.

மூடியிருந்தா அப்படியே விடுங்க

ஷட்டர் கீழே இறங்கிய நிலையில் ஸ்பிரிங் உடைந்திருந்தால், உண்மையில் அது நல்ல காலம். எடை முழுவதும் தரையில் உட்கார்ந்திருக்கிறது; இனி விழ எதுவும் இல்லை. தொடாதீர்கள். வண்டி உள்ளே மாட்டிக்கிச்சே என்று பக்கத்து வீட்டுப் பசங்களைக் கூப்பிட்டு 'ஏலேலோ' போட்டுத் தூக்குவதுதான் வழக்கமாக நடக்கிறது. தூக்கிவிடலாம்தான். நிறுத்தி வைப்பது யார்? ஒரு நாள் பஸ்ஸில் போனால் ஒன்றும் குறைந்துவிடாது.

பாதி திறந்த நிலையில் உடைந்திருந்தால்தான் நிஜமான சிக்கல். மேலே நிற்கிறதே என்று நம்பி அடியில் குனிந்து போகவே கூடாது. பல ஷட்டர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்பிரிங் இருக்கும். ஒன்று உடைந்தாலும் மற்றது கொஞ்ச நேரம் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஷட்டர் ஒரு பக்கம் சாய்ந்து நின்றாலோ, வழக்கத்தைவிடக் கனத்தாலோ இதுவாக இருக்கலாம். முதலில் குழந்தைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள். பிறகு, ஷட்டருக்கு நேர் கீழே போகாமல், பக்கவாட்டில் நின்று இரண்டு ஓரத்திலும் முட்டுக் கொடுங்கள். சென்ட்ரிங் வேலைக்கு வைக்கிற இரும்பு ஜாக்கி தெருவில் யாராவது வீடு கட்டினால் கிடைக்கும், அதுதான் பெஸ்ட். இல்லாவிட்டால் கனமான மரச்சட்டம். ஊர்ப் பெயரிலேயே மூங்கில் இருக்கேன்னு மூங்கில் கழியை நட்டுவிடாதீங்க, உருண்டையான கழி வழுக்கிவிடும். முட்டுக் கொடுக்கவும் வழியில்லை என்றால் குறுக்கே ஒரு கயிறு கட்டி, யாரும் நுழையாமல் பார்த்துக்கொண்டு, மெக்கானிக் வரும்வரை காத்திருங்கள்.

வேறு வாசலே இல்லாத அறைக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் மட்டும் விஷயம் வேறு. அப்போது வீரம் காட்டாமல் தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112-ல் அழையுங்கள். வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு வழி எப்போதும் திறக்கிற நிலையில் இருக்கணும் என்பது இதுக்காகத்தான். அரிசி மூட்டையை அந்தக் கதவில் சாய்த்து வைத்திருந்தால் இன்றே நகர்த்துங்கள்.

ஸ்பேனரை எடுக்காதீங்க

'நாலு போல்ட்டுதானே, நானே மாத்திடுவேன்' என்று தோன்றும். அந்த நாலு போல்ட்டுதான் பிரச்னை. பைப்பைச் சுழலவிடாமல் பிராக்கெட்டோடு பிடித்துக்கொண்டிருப்பது அவைதான். உடையாத ஸ்பிரிங் இன்னும் முறுக்கோடு இருக்கும்போது அவற்றைத் தளர்த்தினால் பைப் ஒரே நொடியில் சுழன்று அடிக்கும். கையில் இருக்கும் ஸ்பேனர், கம்பி எதுவானாலும் முகத்துக்கு நேராக வரும். நீங்கள் நிற்பதோ ஏணி மேல். ஷட்டர் வேலை செய்கிறவர்கள் முதலில் முறுக்கைக் கட்டுப்பாட்டோடு இறக்கிவிட்டுத்தான் மற்றதைத் தொடுவார்கள். அதுவும் ஒருவராக வர மாட்டார். கூட ஒரு கை வேண்டும்.

ஷட்டர்காரரிடம் போனில் பேசும்போது அகலம், உயரம், எந்த நிலையில் நிற்கிறது, மோட்டார் உண்டா என்று சொல்லிவிடுங்கள். சங்கராபுரத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வருகிறவர் சரியான ஸ்பிரிங் இல்லாமல் வந்து திரும்பினால் இன்னொரு நாள் போய்விடும். தள்ளி நின்று ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னும் நல்லது.

வந்தவர் 'உடைஞ்சதை வெல்டு வெச்சுடலாம் சார், செலவு கம்மி' என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஸ்பிரிங் என்பது உறுதியான இழுவிசை கொண்ட ஸ்டீல் கம்பி. வெல்டிங் சூட்டில் அந்த இடத்தில் அதன் குணமே மாறிவிடும். அங்கேயே மறுபடி உடையும். மத்திய பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியலே ஷட்டருக்கு 27.5 செ.மீ. நீள ஸ்பிரிங், ஐ.எஸ். 4454 தரக் கம்பியில் என்று குறிப்பிட்டுச் சொல்கிறது. 'என்ன கம்பி போடுறீங்க?' என்று நீங்களும் கேட்கலாம், தப்பில்லை. ஒன்று உடைந்தால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றச் சொல்வார்கள். அது ஏமாற்று வேலை இல்லை. எல்லாம் ஒரே நாளில் மாட்டியவை, ஒரே அளவு உழைத்தவை. புதுசும் பழசும் சேர்ந்தால் ஷட்டர் சமமாகவும் ஏறாது.

எத்தனை வருஷம் வரும்? அமெரிக்கக் கதவுகளின் சாதாரண ஸ்பிரிங்குகளுக்கு 10,000 முறை திறந்து மூடுவது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தினம் 4 முறை என்றால் ஏழு வருஷத்துக்கும் குறைவு. நம்ம ஊர் ஸ்பிரிங்கில் அப்படி எதுவும் எழுதி வராது. ஆனால் 'அப்பா காலத்து ஷட்டர், இன்னும் கல்லு மாதிரி இருக்கு' என்கிறவர்கள் தினமும் எத்தனை முறை ஏற்றி இறக்குகிறார்கள் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

துருவும் தூசியும் அந்த ஆயுளைக் குறைக்கும். சர்க்கரை ஆலை இருக்கிற ஊர். அரவைக் காலத்தில் கரும்பு டிராக்டர்கள் கிளப்புகிற புழுதி நேராக ஷட்டரின் பக்கவாட்டுத் தடத்தில்தான் படியும். அங்கே கிரீஸ் தடவினால் புழுதி ஒட்டி இன்னும் இறுகும். தடத்தைத் துணியால் துடைத்தாலே போதும். ஸ்பிரிங்குக்குத்தான் எண்ணெய், அதுவும் வருஷத்துக்கு ஒருமுறை மெக்கானிக் கையால். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீரால் தென்பெண்ணைக் கரை ஊர்களில் வெள்ளம் புகுந்ததே, அதுபோல நேரத்தில் மேலே இருக்கிற ஸ்பிரிங் நனையாமல் தப்பித்தாலும் கீழே தடத்தில் சேறு இறுகிவிடும். சேற்றோடு ஷட்டரைப் பிடித்து இழுக்காமல் முதலில் கழுவிவிடுங்கள்.

மோட்டார் வைத்த ஷட்டர் என்றால் ஸ்பிரிங் உடைந்ததும் ரிமோட்டைத் திரும்பத் திரும்ப அமுக்காதீர்கள், மெயின் சுவிட்சை அணையுங்கள். கரன்ட் இல்லாதபோது கையால் இயக்க ஒரு விடுவிப்புக் கயிறோ சங்கிலியோ தொங்கும். ஷட்டர் மேலே நிற்கும்போது அதை இழுத்தால் மொத்தமும் இறங்கிவிடும். அமெரிக்காவில் வீட்டுக் கதவு மோட்டார்களுக்கு, அடியில் ஆள் இருந்தால் திரும்ப மேலே போகிற பாதுகாப்பு ஏற்பாடு 1993 முதல் கட்டாயம். இங்கே மோட்டார் மாட்டும்போது அந்த சென்சாரையும் நீங்கள்தான் கேட்டு வாங்கணும்.