உப்புத்தண்ணி தின்னும் அச்சு! படகு வண்டி நடுரோட்டில் படுக்காமல் இருக்க என்ன செய்யணும்?

சென்னை:

ஐப்பசி, கார்த்திகை வந்தால் தென்சென்னைக்காரர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். வானம் கறுத்தால் போதும், அரிசி, பால் பவுடர், மெழுகுவர்த்தி என்று கடைக்கு ஓடுவோம். அதோடு கூட இன்னொரு பேச்சும் அடிபடும். "படகு வருமா?"

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி ராத்திரியை யாரும் மறந்திருக்க மாட்டோம். செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட, அடையாறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் பாய்ந்தது. கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை பக்கமெல்லாம் ஜனங்கள் மொட்டை மாடியில் தவித்தார்கள். அப்போது கைகொடுத்தவர்கள் குப்பத்து மீனவர்கள். லாரியில் படகை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்து இறக்கினார்கள். 2021 நவம்பரில் தி.நகரே தண்ணியில் மிதந்தது. 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் அடித்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணையில் மறுபடியும் படகு விட்டார்கள்.

இதில் பலரும் யோசிக்காத சமாச்சாரம் ஒன்று உண்டு. பட்டினப்பாக்கத்தில் இருந்தும் ஊரூர் குப்பத்தில் இருந்தும் படகு தானாக நடந்து வேளச்சேரிக்கு வராது. லாரி கிடைத்தால் சரி. கிடைக்காத நேரத்தில் டிராக்டருக்கோ ஜீப்புக்கோ பின்னால் மாட்டுகிற டிரெயிலர்தான் கதி. திரு.வி.க. பாலம் தாண்டி சர்தார் பட்டேல் ரோட்டில் போகும்போது சக்கரம் கழன்று வண்டி படுத்துவிட்டால்? பின்னாடி வருகிற ஆம்புலன்சும் நிற்கும், மாடியில் காத்திருக்கிற உயிரும் நிற்கும்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று சும்மா சொல்லவில்லை. அச்சைப் பார்த்துக்கொள்வது எப்படி, ரிப்பேர் போதுமா, மாற்றித்தான் ஆகணுமா? விவரமாகப் பார்ப்போம். படகு வண்டி வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இல்லை. மீன்பாடி வண்டி, ஐஸ் வண்டி, தண்ணி கேன் வண்டி ஓட்டுகிற அண்ணன்மார்களுக்கும் இது பொருந்தும்.

அச்சு ஏன் தேயுது?

அச்சு என்பது வண்டியின் குறுக்கே போகிற இரும்பு. அதன் ரெண்டு முனையையும் கடைந்து மெலிதாக்கி இருப்பார்கள். அந்த முனையில்தான் பேரிங் உட்காரும். பேரிங் மேல் ஹப், ஹப்பில் சக்கரம். உள்பக்கம் தண்ணி புகாமல் இருக்க ஆயில் சீல் என்று ஒரு ரப்பர் வளையம்.

ரோட்டில் ஓடி வந்த வண்டியில் ஹப் சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு தண்ணிக்குள் இறக்கினால் உள்ளே இருக்கிற காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். சுருங்கினால் வெளியில் இருப்பதை உறிஞ்சும். லேசாகக் கிழிந்த சீலாக இருந்தால் உப்புத்தண்ணி சர்ரென்று உள்ளே போய்விடும். நம்ம கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது.

உள்ளே போன தண்ணி கிரீசோடு கலந்து, கிரீஸ் பால் காப்பி கலருக்கு மாறிவிடும். அது கிரீஸ் செய்கிற வேலையைச் செய்யாது. பேரிங் உருளைகளில் துரு புள்ளி புள்ளியாக விழும். புள்ளி விழுந்த பேரிங் கரகரவென்று ஓடிச் சூடேறும். கடைசியில் இறுகிப் பிடித்துக்கொண்டு, பேரிங்கின் உள்வளையம் அச்சு முனை மேலேயே சுற்ற ஆரம்பிக்கும். முனை தேய்வது இப்படித்தான். பேரிங்கோடு முடிய வேண்டிய செலவு அச்சுக்குப் போய்விடுகிறது.

துரு இன்னொரு இடத்திலும் ஒளிந்திருக்கும். ஸ்பிரிங் பட்டையை அச்சோடு சேர்த்து யு-போல்ட் போட்டுக் கட்டி இருப்பார்கள் அல்லவா? அந்த இடுக்கில் மணலும் உப்பும் தங்கி, வெளியில் பெயிண்ட் பளபளவென்று இருக்க, உள்ளே இரும்பு செதில் செதிலாக உதிரும்.

கொஞ்சம்தானே தேய்ந்திருக்கு என்று அசட்டையாக இருக்காதீர்கள். 50 மி.மீ. கனமுள்ள உருட்டுக் கம்பி அச்சு துருப்பிடித்து 45 மி.மீ. ஆகிவிட்டது என்று வையுங்கள். பத்தில் ஒரு பங்குதான் போயிருக்கிறது. ஆனால் வளையாமல் தாங்குகிற பலத்தில் கால் பங்குக்கு மேல் காலி. கம்பியின் கனம் குறையக் குறைய பலம் அதைவிட வேகமாக இறங்கும்.

மழைத்தண்ணியும் பாரம்தான்

இன்னொரு வில்லன் ஓவர்லோடு. மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டி அச்சு முறியும் என்று வள்ளுவர் எப்பவோ சொல்லிவிட்டார். அவருக்குக் கோயில் இருக்கிற மயிலாப்பூர் பக்கத்திலேயே இதை மறந்தால் எப்படி?

படகு, என்ஜின், பெட்ரோல், வலை, ஐஸ் எல்லாம் கணக்கில் வரும். கணக்கில் வராதது மழைத்தண்ணி. வண்டி மேல் நிற்கிற படகுக்குள் 5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்துக்கு வெறும் 10 சென்டிமீட்டர் உயரம் தண்ணி தேங்கினாலே 500 லிட்டர். அதாவது 500 கிலோ, அரை டன்! ராத்திரி பூரா மழை பெய்து, காலையில் அப்படியே இழுத்துக்கொண்டு கிளம்பினால் அச்சு வளையாமல் என்ன செய்யும்? கிளம்பும் முன் தண்ணியை மொண்டு ஊற்றுங்கள், இல்லை படகின் அடைப்பைத் திறந்து வடியவிடுங்கள்.

அஞ்சே சோதனை

மெக்கானிக் இல்லாமலே அச்சு சரியா என்று பார்க்கலாம்.

1. ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஹப் பக்கத்தில் கையைக் கொண்டு போங்கள். அனல் அடித்தால் தொடாதீர்கள், பேரிங் காலி. வெதுவெதுப்பாக இருந்தால் பயம் இல்லை. ஒரு பக்கம் மட்டும் சூடு அதிகம் என்றால் அந்தப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

2. ஜாக்கி போட்டு சக்கரத்தைத் தூக்கி, மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டுங்கள். லொடலொட என்று ஆடினால் பேரிங்கோ முனையோ தேய்ந்திருக்கிறது.

3. சக்கரத்தைக் கையால் சுழற்றி விடுங்கள். சத்தம் இல்லாமல் சுற்றணும். கரகர, கடகட என்றால் உள்ளே துரு.

4. சக்கரத்தின் உள்பக்கம் எட்டிப் பாருங்கள். கிரீஸ் தெறித்து வழிந்திருந்தால் சீல் கிழிந்துவிட்டது.

5. டயர் ஒரு ஓரம் மட்டும் வழுக்கையாகத் தேய்ந்திருக்கிறதா? அச்சு வளைந்திருக்கலாம். ஒரு கயிறு எடுத்து ரெண்டு டயருக்கும் நடுவே முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு எடுங்கள். ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ரிப்பேரா, புதுசா?

ஹப்பைக் கழற்றி, மண்ணெண்ணெய் விட்டு முனையைச் சுத்தமாகத் துடைத்துப் பாருங்கள். முனை வழவழவென்று இருந்து பேரிங் மட்டும் கெட்டிருந்தால் செலவு கம்மி. பேரிங், அதன் வெளிவளையம், ஆயில் சீல், கிரீஸ், ஸ்பிலிட் பின் எல்லாவற்றையும் புதுசாகப் போட்டு முடித்துவிடலாம். வெளிவளையத்தை மாற்றாமல் உள்ளே இருப்பதை மட்டும் மாற்றுவது காசைக் கரியாக்குகிற வேலை.

முனையை நகத்தால் கீறிப் பாருங்கள். படிக்கட்டு மாதிரி நகம் தடுக்கினாலோ, இரும்பு சூட்டில் நீலம் பூத்திருந்தாலோ, புது பேரிங் போட்டும் லூசாக ஆடினாலோ அந்த முனை செத்துவிட்டது என்று அர்த்தம். சில பட்டறைகளில் வெல்டிங் வைத்து நிரப்பி லேத்தில் கடைந்து தருவார்கள். பார்க்க புதுசு மாதிரி இருக்கும். ஆனால் வெல்டிங் சூட்டில் இரும்பின் தன்மை மாறி, அந்த இடத்தில் மயிரிழை விரிசல் விழுந்து, ஒருநாள் பாரத்தோடு போகும்போது டமால்! மணலில் நாலடி தள்ளுகிற வண்டி என்றால் வேறு. ரோட்டில் ஆள் நடுவே போகிற வண்டிக்கு இந்த வேலை வேண்டாம். அச்சையே மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

வளைந்த அச்சைக் கேஸ் விளக்கில் காய்ச்சி நிமிர்த்துவதும் இதே கதைதான். யு-போல்ட் இடுக்கில் செதில் உதிர்ந்த அச்சுக்கும் மருந்து கிடையாது.

புது அச்சுக்கு அளவு எடுப்பது எப்படி?

ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டிலோ புதுப்பேட்டையிலோ போய் படகு வண்டிக்கு அச்சு கொடுங்க என்று கேட்டால், அளவு என்ன என்றுதான் முதலில் கேட்பார்கள். துண்டுச் சீட்டில் இதெல்லாம் எழுதிக்கொண்டு போங்கள்.

ஒரு பக்கம் சக்கரம் உட்காருகிற ஹப் முகத்தில் இருந்து மறுபக்கம் ஹப் முகம் வரை எவ்வளவு? இந்தப் பக்கம் ஸ்பிரிங் பட்டை நடுவில் இருந்து அந்தப் பக்கம் நடு வரை எவ்வளவு? அச்சு உருண்டையா, சதுரமா, எத்தனை மி.மீ.? சக்கரத்துக்கு எத்தனை நட்டு, நட்டுக்கு நட்டு தூரம் என்ன? பேரிங்கில் பொறித்திருக்கிற நம்பர் என்ன? படகு, என்ஜின், சாமான், வண்டி எல்லாம் சேர்த்து எத்தனை கிலோ?

கடைசிக் கேள்விதான் முக்கியம். மொத்தப் பாரத்துக்கு மேலேயே தாங்குகிற அச்சாக வாங்குங்கள். பழைய அச்சு வளைந்திருந்தால் அதை அளக்காதீர்கள், தப்பாக வரும். ஸ்பிரிங் இடைவெளியை வண்டிச் சட்டத்தில் அளந்து பாருங்கள். பழைய சாமான் வாங்குவதாக இருந்தால் முனையில் நகத்தை ஓட்டிப் பார்க்காமல் காசை நீட்டாதீர்கள். வெல்டிங் தழும்பு இருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாட்டும்போது ஜாக்கிரதை

வேலை ஆரம்பிக்கும் முன் படகை இறக்கிவிடணும். வண்டியைக் கெட்டியான தரையில் நிறுத்துங்கள். மணலில் ஜாக்கி போட்டால் சரியும், ஆளை நசுக்கிவிடும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, அப்புறம் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. சட்டத்துக்குக் கீழே ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ முட்டுக் கொடுத்த பிறகுதான் உள்ளே போகணும்.

துருப்பிடித்த யு-போல்ட் நட்டு கழலாது. முதல் நாளே எண்ணெய் விட்டு ஊறப்போடுங்கள். கேஸ் வைத்து அறுப்பதாக இருந்தால் பெட்ரோல் டேங்க், கேன் எல்லாம் தூரமாகப் போகணும். யு-போல்ட்டைப் புதுசாகவே போடுங்கள்.

ஸ்பிரிங் பட்டையின் நடுபோல்ட் தலை, அச்சில் இருக்கிற குழியில் சரியாக உட்கார்ந்திருக்கணும். நட்டுகளை ஒரே பக்கமாக இறுக்காமல் மாற்றி மாற்றி இறுக்குங்கள். அப்புறம் வண்டி மூக்கில் இருந்து அச்சின் இடது முனை, வலது முனை ரெண்டுக்கும் அளவு எடுங்கள். ரெண்டும் சமமாக இருக்கணும். இல்லையென்றால் வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் இழுக்கும், டயரும் சீக்கிரம் தேயும்.

பேரிங்குக்குள் கிரீசை விரலால் நன்றாக அழுத்தித் திணிக்கணும். மேலே பூசினால் போதாது. தண்ணி தாங்குகிற கிரீஸ் என்று கேட்டு வாங்குங்கள். பழைய கிரீசோடு கலக்காதீர்கள். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே முனை நட்டை இறுக்கி, அப்புறம் துளி தளர்த்தி, ஸ்பிலிட் பின் போட்டு மடக்குங்கள். ரொம்ப இறுக்கினால் பேரிங் எரியும், லூசாக விட்டால் சக்கரம் ஆடும். பழைய பின்னை நிமிர்த்தி மறுபடி போடுவது வேண்டவே வேண்டாம். அந்தச் சின்னக் கம்பிதான் சக்கரம் கழலாமல் காக்கிற கடையாணி.

முதல் 50 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டு, யு-போல்ட் எல்லாவற்றையும் இன்னொரு தரம் இறுக்கிப் பாருங்கள்.

போலீஸ், ஆர்.டி.ஓ. தொல்லை வராமல் இருக்க

டிரெயிலர்தானே என்று நினைக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி ரோட்டில் இழுத்துப் போகிற டிரெயிலருக்கும் பதிவு உண்டு. பதிவுச் சான்றிதழில் இருக்கிற விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது. பழைய அளவிலேயே அச்சு மாற்றினால் பிரச்சினை இல்லை. பாரம் கூட ஏற்றலாம் என்று பெரிய அச்சு, கூடுதல் அச்சு போடுவதாக இருந்தால் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டுவிடுங்கள். பின்விளக்கு எரியணும், ரிப்ளெக்டர் ஒட்டி இருக்கணும். மழை ராத்திரியில் பின்னாடி வருகிற பைக்காரர் உயிர் அதில்தான் இருக்கிறது.

தண்ணிக்குள் இறக்கும் முன் ஹப் ஆறுகிற வரை கொஞ்சம் பொறுங்கள். வெளியே எடுத்ததும் ஹப், ஸ்பிரிங், யு-போல்ட் எல்லாவற்றிலும் நல்ல தண்ணி ஊற்றிக் கழுவுங்கள். மீன்பாடி வண்டிக்காரர்கள் ராத்திரி கடை கட்டும்போது ரெண்டு குடம் தண்ணி அச்சு மேல் ஊற்றினால் போதும். ஐஸ் உருகி வடிகிற உப்புத்தண்ணியும் கடல் தண்ணிக்கு அண்ணன்தான்.

திருவாரூர் ஆழித்தேருக்கே இரும்பு அச்சு போட்டு, பிரேக் வைத்துத்தான் இழுக்கிறார்கள். நம்ம வண்டிக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஹப்பைக் கழற்றிப் பார்க்கக் கூடாதா? அதையும் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள். மழை கொட்டி, தெருவில் இடுப்பளவு தண்ணி ஏறின பிறகு புதுப்பேட்டைக்கு ஓடினால் கடையும் திறந்திருக்காது, போக வழியும் இருக்காது.