மதுரை வட்டாரத்திலிருந்து வளைகுடா வேலைப் பயணம்

வளைகுடா வேலைப் பயணம் என்பது ஐக்கிய அரபு அமீரகம், சவூதி அரேபியா, கத்தார், குவைத், ஓமன், பகுரைன் ஆகிய ஆறு நாடுகளுக்கு ஒப்பந்த வேலைக்காகச் செல்வதாகும். அங்கு தொழிலாளியின் விசா பெரும்பாலும் வேலை கொடுப்பவரோடு பிணைந்தது. வேலை முடிந்தால் ஊர் திரும்ப வேண்டும். எனவே மதுரைக்குத் தென்மேற்கே திருமங்கலம் சாலையில் உள்ள திருநகரிலிருந்தோ சுற்றியுள்ள ஊர்களிலிருந்தோ செல்லும் ஒருவருக்கு அங்கே கிடைக்கும் பாதுகாப்பு, புறப்படும் முன் அவர் சேர்த்துக்கொண்ட ஆவணங்களையே பெரிதும் பொறுத்தது.

கடவுச்சீட்டு

மதுரை, தேனி, திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர், இராமநாதபுரம் உள்ளிட்ட மாவட்டத்தினருக்கு மதுரை மண்டலக் கடவுச்சீட்டு அலுவலகம் பாஸ்போர்ட் வழங்குகிறது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் கடவுச்சீட்டில் பொதுவாகக் 'குடியகல்வுச் சோதனை தேவை' என்று அச்சிடப்படும். மக்கள் வழக்கில் இது 'ஈ.சி.ஆர் பாஸ்போர்ட்'. 2007 முதல் வழங்கப்படும் கடவுச்சீட்டுகளில் இக்குறிப்பு இல்லையென்றால் சோதனை தேவையில்லை என்று பொருள். வருமான வரி செலுத்துவோர், 50 வயதைக் கடந்தோர் போன்ற சிலருக்குப் பத்தாம் வகுப்பு இல்லாமலும் விலக்கு உண்டு.

ஈ.சி.ஆர் கடவுச்சீட்டு உள்ளவர், வளைகுடா நாடுகளும் மலேசியாவும் அடங்கிய 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 1983ஆம் ஆண்டின் குடியகல்வுச் சட்டப்படி முன் அனுமதி பெற வேண்டும். இதற்கான விண்ணப்பம் 'இ-மைக்ரேட்' இணையதளம் வழியாகச் செல்கிறது.

வேலை விசாவும் சுற்றுலா விசாவும்

சுற்றுலாவாகச் செல்பவருக்கு இந்த அனுமதி தேவையில்லை. இந்த இடைவெளியைப் பயன்படுத்தி, 'விசிட்டில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்று சொல்லி ஆள் அனுப்பும் தரகர்கள் உள்ளனர். அப்படிச் செல்பவரின் வேலை ஒப்பந்தம் இந்திய அரசின் பதிவில் இருக்காது. சுற்றுலா விசாவில் வேலை செய்வது அந்நாடுகளில் குற்றம். எனவே சம்பளம் வராவிட்டாலும் புகார் கொடுக்க அஞ்சுவார்.

அனுமதியுடன் செல்லும் ஈ.சி.ஆர் தொழிலாளிக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு கட்டாயம். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் கட்டணம். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். சுற்றுலா விசாவில் சென்றவரின் குடும்பத்துக்கு இது இல்லை.

முகவர் கட்டணம்

பதிவு பெற்ற முகவர் ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் மட்டுமே. இதற்கு ரசீது தர வேண்டும். முகவரின் பதிவை இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். ஊரில் ஆள் பிடிக்கும் துணைத் தரகர்களுக்குச் சட்ட ஏற்பு இல்லை. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் 1978 முதல் ஆட்களை அனுப்பிவருகிறது.

ஒப்பந்தமும் ஊதியமும்

ஒப்பந்தத்தில் மொத்தச் சம்பளத்தைவிட 'அடிப்படைச் சம்பளம்' எவ்வளவு என்பதே முக்கியம். அமீரகத்தில் பணிக்கொடை அதைக் கொண்டே கணக்கிடப்படுகிறது: முதல் ஐந்து ஆண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் ஊதியம், அதன்பின் 30 நாள் ஊதியம். மாதம் 2,000 திர்ஹாம் பெறும் ஒருவரின் அடிப்படைச் சம்பளம் 1,200 என்றால், ஐந்து ஆண்டுக்குப் பின் அவருக்கு 4,200 திர்ஹாம் கிடைக்கும். 2,000 முழுவதும் அடிப்படையாக இருந்தால் 7,000 கிடைக்கும்.

கத்தாரில் 2021 மார்ச் முதல் குறைந்தபட்ச ஊதியம் 1,000 ரியால். தங்குமிடம் தராத முதலாளி 500, உணவு தராதவர் 300 ரியால் கூடுதலாகத் தர வேண்டும். தொழிலாளியின் கடவுச்சீட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது அமீரகச் சட்டப்படி தவறு.

வங்கிக் கணக்கும் பணம் அனுப்புதலும்

வேலைக்காக வெளிநாடு சென்றவர் ஊரிலுள்ள சாதாரணச் சேமிப்புக் கணக்கை அப்படியே தொடரக் கூடாது, என்.ஆர்.ஓ கணக்காக மாற்ற வேண்டும். வாடகை போன்ற உள்நாட்டு வருமானம் இதில் சேரும். வெளிநாட்டுச் சம்பளத்துக்கு என்.ஆர்.ஈ கணக்கு ஏற்றது. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரியில்லை. பணத்தைத் தடையின்றித் திரும்ப எடுத்துச் செல்லலாம். ஊரிலிருக்கும் மனைவியோ பெற்றோரோ செலவுக்குப் பணம் எடுக்க, வங்கியில் அதிகாரப் பத்திரம் கொடுத்துவிட்டுச் செல்வது நல்லது.

ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம், 3.75 சவூதி ரியால், 3.64 கத்தார் ரியால் என இந்நாணயங்கள் டாலரோடு கட்டப்பட்டவை. எனவே டாலருக்கு எதிராக ரூபாய் சரிந்தால், அதே சம்பளத்துக்கு ஊரில் கூடுதல் ரூபாய் கிடைக்கும்.

உண்டியல் அல்லது ஹவாலா வழியில் விலை சற்றுக் கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் அது 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி குற்றம். மேலும் பணம் வந்த வழிக்குச் சான்று இருக்காது. வீட்டுக் கடன் கேட்கும்போதும் நிலம் வாங்கும்போதும் இது இடராகும்.

சிக்கல் நேர்ந்தால்

சம்பள நிலுவை, சிறை, மரணம் போன்ற நிலைகளில் இந்தியத் தூதரகத்திடமும், 2015இல் தொடங்கப்பட்ட 'மதத்' இணையதளத்திலும் முறையிடலாம். வழியற்றவர்களை ஊருக்கு அனுப்பவும் உடலைக் கொண்டுவரவும் தூதரகங்களில் இந்தியச் சமுதாய நல நிதி உண்டு. தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலத்துறையும் உதவுகிறது. இவற்றில் எதை நாடினாலும் கடவுச்சீட்டு எண், விசா நகல், ஒப்பந்தம், முதலாளியின் முகவரி ஆகியவை கேட்கப்படும். ஆகவே இவற்றின் நகல் ஒன்று வீட்டிலும் இருக்க வேண்டும்.