கடல்நீர் மீன் தொட்டியில் தானே வந்து சேரும் புழுக்கள்

வயலில் பூச்சி தெரிந்தவுடன் மருந்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டுவது நல்ல விவசாயம் ஆகாது என்பதை நம் உழவர் பெருமக்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். நெல் வயலில் கண்டபடி மருந்தடித்துச் சிலந்திகளை அழித்தபின் புகையான் முன்னிலும் பலமாகப் பெருகியதை அறியாதவர் இல்லை. இதே பாடம் கடல்நீர் மீன் தொட்டிக்கும் பொருந்தும்.

கடலோர மாவட்டங்களில் சில குடும்பங்கள் ஆடு, கோழியுடன் அலங்காரக் கடல் மீன்களையும் தொட்டிகளில் வளர்த்து உபரி வருமானம் பெறுகின்றன. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம், கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையை உருவாக்கிக் கடலோரப் பெண்களுக்கும் பயிற்சி அளித்துள்ளது. இத்தொழிலில் இறங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நாங்கள் விடாத புழு தொட்டியில் நெளிகிறதே, என்ன மருந்து ஊற்றலாம்?"

ஒரு நஷ்டத்தின் கதை

இராமநாதபுரம் மாவட்டத்தில் இரண்டு ஏக்கர் மானாவாரி நெல்லும் பத்து ஆடுகளும் வைத்திருக்கும் ஒரு விவசாயி, வீட்டின் பின்புறம் 4 தொட்டிகளில் கோமாளி மீன் குஞ்சுகள் வளர்த்தார். ஒருநாள் இரவு டார்ச் அடித்துப் பார்த்தபோது ஒரு தொட்டியின் கல்லடியில் ஆரஞ்சு நிறத்தில் மயிர் அடர்ந்த புழுக்கள் நெளிந்தன. மறுநாள் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். நான் நேரில் பார்க்காமலே, "புழு இருப்பது நல்லதல்ல, அகற்றிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் வீட்டில் ஆட்டுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்து இருந்தது. அதைத் தொட்டியில் ஊற்றினார். புழுக்கள் செத்தன. ஆனால் செத்தவை மணலுக்குள்ளும் கல் இடுக்கிலும் அழுகின. மறுநாள் தண்ணீர் பால்போல் கலங்கியது. அதற்கடுத்த நாள் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து மூச்சு வாங்கின. மாலைக்குள் 300 குஞ்சுகளில் 40 மட்டுமே மிஞ்சின. மருந்து ஊற்றியது அவர் கை என்றாலும், பார்க்காமல் சொன்னது என் வாய். அந்தத் தவறு வேறொருவருக்கு நேரக்கூடாது என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நடந்தது என்ன?

தொட்டியின் மணலிலும் கல்லிலும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா என்னும் நஞ்சை அவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அதிகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இந்தப் பாக்டீரியாக்கள் போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். நூற்றுக்கணக்கான புழுக்கள் ஒரே இரவில் செத்து அழுகினால், அவற்றால் சமாளிக்க முடியாத அளவு அம்மோனியா சேர்கிறது. அழுகல் தண்ணீரிலுள்ள பிராணவாயுவையும் உறிஞ்சிவிடுகிறது. மீன்களைக் கொன்றது உயிரோடிருந்த புழு அல்ல, செத்த புழு.

புழு எப்படி வருகிறது?

வடிகட்டாத கடல்நீர், கடல் மணல், கல், சிப்பி ஓடு, கடல் சாமந்தியின் அடிப்பகுதி ஆகியவற்றில் ஒட்டிக்கொண்டு வருகிறது. முட்டையும் இளம்புழுவும் மிகச் சிறியவை. துணியில் வடிகட்டினாலும் தப்பிவிடும். சில மாதம் கழித்துப் பெருகிய பிறகே கண்ணில் படுகிறது.

அடையாளம் காணுங்கள்

1. முள்மயிர்ப் புழுக்கள்: மண்புழுவின் உறவினம். உடல் வளையம் வளையமாக இருக்கும். இருபுறமும் மெல்லிய மயிர்க் கற்றைகள் காணப்படும். பகலில் பதுங்கி இரவில் வெளிவரும். மிஞ்சிய தீவனத்தையும் செத்ததையும் தின்று, மணலைக் கிளறிக் காற்றோட்டம் தருகின்றன. வயலுக்கு மண்புழு எப்படியோ, தொட்டிக்கு இவை அப்படி. மேலே சொன்ன விவசாயி கண்டவை இவையே. செத்த மீனை இவை மொய்ப்பதைப் பார்த்து, இவைதாம் கொன்றன என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் மீன் வேறு காரணத்தால் செத்திருக்கும்.

2. நெருப்புப் புழு: இதுவும் முள்மயிர்ப் புழு வகையே. வெள்ளை மயிர் அடர்ந்து நிற்கும். மயிர்கள் சுண்ணாம்புச் சத்தால் ஆனவை. தொட்டால் தோலில் ஒடிந்து தங்கி நெருப்புச் சுட்டது போல எரியும். ஆகவே எந்தப் புழுவையும் வெறுங்கையால் தொடாதீர்கள். குத்திவிட்டால் தேய்க்கக் கூடாது. ஒட்டும் டேப்பை மேலே ஒட்டி உரித்தால் மயிர்கள் அதனுடன் வந்துவிடும். வீக்கமோ வலியோ தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

3. குழாய்ப் புழுக்கள்: கண்ணாடியில் 1 அல்லது 2 மி.மீ. அளவில் நத்தை ஓடு போல் சுருண்ட வெள்ளைப் புள்ளிகள், அல்லது விசிறி போல் விரியும் சிறு இறகுகள். இவை தீங்கற்றவை. அப்படியே விட்டுவிடலாம்.

4. சிவப்புத் தட்டைப்புழு: சில மி.மீ. நீளமுள்ள செம்பழுப்பு நிறப் புள்ளிகளாகக் கண்ணாடியிலும் கல்லிலும் படரும். தாமே பிளந்து பெருகும். உயிரோடிருக்கும்போது மீனுக்கு அதிகத் தொல்லை இல்லை. மொத்தமாகச் செத்தால் அவற்றின் உடலிலிருந்து நஞ்சு வெளியாகும்.

5. ராட்சதப் புழு: அரிதாக வருவது, ஆனால் உண்மையான எதிரி. தலையில் 5 உணர்கொம்புகளும், வானவில் போல் மின்னும் உடலும், வலுவான தாடைகளும் கொண்டது. ஜப்பானில் ஒரு மிதவைக்குள் அகப்பட்ட இவ்வினப் புழு ஒன்று ஏறக்குறைய 3 மீட்டர் நீளம் இருந்ததாக 2009-ஆம் ஆண்டு பதிவாகியுள்ளது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் நியூகே ஊரிலுள்ள புளூ ரீப் மீன் காட்சியகத்தில் பவளங்கள் இரவில் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. பொறி வைத்தும் அகப்படவில்லை. கடைசியில் கற்களை ஒவ்வொன்றாகப் பிரித்தபோதுதான் ஒரு மீட்டருக்கும் அதிகமான புழு வெளிப்பட்டது. சிறு புழுவாகக் கல்லோடு வந்து உள்ளேயே வளர்ந்ததாகக் கருதப்பட்டது. இரவில் மீன் காணாமற் போனாலோ, உடலில் வெட்டுக்காயம் தெரிந்தாலோ மட்டும் இதைச் சந்தேகிக்கலாம்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

இரவில் கல்லடியில் நாலைந்து முள்மயிர்ப் புழு தெரிந்தால் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பகலிலேயே, தீவனம் போட்டவுடன் கூட்டமாக வெளிவந்தால் தொட்டியில் தீவனம் மிஞ்சுகிறது என்று பொருள். புழுவின் எண்ணிக்கை நீங்கள் இடும் தீவனத்தின் கணக்குப் புத்தகம். தீவனத்தைக் குறைத்தால் புழுவும் தானே குறையும்.

கட்டுப்படுத்தும் முறைகள்

மீன்கள் இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே ஒரு வேளைக்குத் தீவனம் இடவும். மிச்சத்தை அரை மணி நேரத்துக்குள் ரப்பர் குழாய் மூலம் உறிஞ்சி எடுக்கவும். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றவும். புதுத் தண்ணீரின் உப்பளவும் வெப்பமும் பழைய தண்ணீரை ஒத்திருக்க வேண்டும்.

இதற்கு மேலும் குறைக்க விரும்பினால் பொறி வைக்கலாம். ஒரு சாண் நீள பிளாஸ்டிக் குழாயின் இருமுனையையும் மூடி, புழு மட்டும் நுழையும்படி 3 அல்லது 4 மி.மீ. துளைகள் இடவும். உள்ளே ஒரு துண்டு இறால் வைத்து, விளக்கை அணைத்தபின் மணல்மீது கிடத்தவும். இரண்டு மணி நேரம் கழித்து, கையுறை அணிந்து எடுக்கவும். தொடர்ந்து சில இரவுகள் செய்தால் கணிசமாகக் குறையும். தனியாகத் தெரியும் புழுவை நீண்ட இடுக்கியால் முழுதாக எடுக்க வேண்டும். துண்டு துண்டாக வெட்டக் கூடாது. சில இனங்களில் ஒவ்வொரு துண்டும் தனிப் புழுவாக வளரும்.

சிவப்புத் தட்டைப்புழுவை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பதே பாதுகாப்பானது. ராட்சதப் புழு என்று தெரிந்தால், அது ஒளிந்துள்ள கல்லையே தொட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

செய்யக் கூடாதவை

ஆட்டு மருந்து, வயல் பூச்சி மருந்து, மயில்துத்தம் எதையும் மீன் உள்ள தொட்டியில் ஊற்றக் கூடாது. செம்புச் சத்து கடல் சாமந்தியையும் நத்தையையும் கொல்லும். சுண்ணாம்புக் கல்லிலும் படிந்துவிடும். தவறி மருந்து ஊற்றிவிட்டால் காத்திருக்க வேண்டாம். மீன்களை உடனே வேறு தொட்டியில் சுத்தமான கடல்நீருக்கு மாற்றி, காற்றூட்டத்தைக் கூட்டி, செத்த புழுக்களை அகற்றவும்.

வருமுன் காப்பது

புதிய கல், ஓடு எதையும் நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, பிறகு இரண்டு வாரமாவது வெயிலில் உலர்த்திய பிறகே பயன்படுத்தவும். புதிதாக வாங்கிய மீனையும் கடல் சாமந்தியையும் 3 அல்லது 4 வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்க்கவும். தாய் மீன் தொட்டியில் மணல் போடாமல், முட்டையிட ஓடு மட்டும் வைத்தால் புழு ஒளிய இடமிருக்காது.

ஒரு எச்சரிக்கை. கடலிலிருந்து பவளக் கல்லை எடுத்துவந்து தொட்டியில் போடாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001-இல் பவளங்கள் சேர்க்கப்பட்டன. அவற்றை எடுப்பது குற்றம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும் உள்ளன. அத்துடன், வேண்டாத புழு வருவதற்குக் கடற்கல்லைவிடச் சுலபமான வழி வேறில்லை. மண் ஓடும் செங்கல்லும் போதும்.

அந்த விவசாயி இப்போது மீண்டும் குஞ்சு வளர்க்கிறார். அவருடைய தொட்டிகளில் இன்றும் புழு இருக்கிறது. இரவில் டார்ச் அடித்து எண்ணிப் பார்த்து, தீவன அளவைத் தீர்மானிக்கிறார். புழுவைக் கண்டால் மருந்துப் புட்டியைத் தேடாமல் டார்ச்சைத் தேடுங்கள். அடையாளம் தெரியாவிட்டால் ஒரு புழுவைக் கடல்நீருடன் சிறு புட்டியில் எடுத்துக்கொண்டு அருகிலுள்ள மீன்வள அலுவலரை அணுகுங்கள். பார்த்தபின் சொல்லும் ஆலோசனையே பயன் தரும்.