குடியேற்ற விண்ணப்பத்துக்கு வக்கீல் வேண்டுமா? சில குறிப்புகள்

பொழிச்சலூரில் வீட்டு மொட்டை மாடிக்கு மேலேயே விமானம் இறங்கும். பிள்ளையோ மருமகளோ வெளிநாட்டில் இருக்கும் வீடு தெருவுக்கு நாலைந்தாவது தேறும். அதனால் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழுகிறது: “விசா அப்ளிகேஷனை நாமே போட்டுடலாமா, இல்ல வக்கீல்கிட்ட கொடுக்கணுமா?” இதற்கு ஒற்றை வரியில் பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் எதையோ விற்கிறவர்கள். சில மாதங்களாகப் படித்துச் சேர்த்த குறிப்புகளைக் கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம் என்று இங்கே தொகுத்து வைக்கிறேன்.

முதலில், யார் வக்கீல்?

நம்ம பக்கத்தில் ஏஜென்ட், கன்சல்டன்சி, வக்கீல் மூன்றும் ஒரே வார்த்தை மாதிரி புழங்குகின்றன. மூன்றும் வேறு வேறு. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட், 1983ஆம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டத்தின்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு ரூ.30,000, அதற்கு மேல் ஜிஎஸ்டி என்று உச்சவரம்பு உண்டு. இதைத் தாண்டிக் கேட்டால் அங்கேயே உங்களுக்கு விஷயம் புரிந்துவிட வேண்டும்.

படிப்பு விசா, நிரந்தரக் குடியுரிமை போன்றவற்றுக்கு ஆலோசனை சொல்கிறவர் யார் என்பதை அந்தந்த நாடே தீர்மானிக்கிறது. கனடாவில் பணம் வாங்கிக்கொண்டு உங்கள் சார்பில் பேச, அந்நாட்டு வக்கீலாகவோ குடியேற்ற ஆலோசகர்களுக்கான கல்லூரியில் உரிமம் பெற்றவராகவோ இருக்க வேண்டும். (இங்கே கல்லூரி என்பது பாடம் நடத்தும் இடமல்ல, உரிமம் வழங்கும் அமைப்பு.) ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற குடியேற்ற முகவர்கள் உண்டு. 2021 மார்ச் முதல் அங்கே வக்கீல்கள் அந்தப் பதிவு இல்லாமலே இந்த வேலையைச் செய்யலாம். அமெரிக்காவில் அந்நாட்டு வக்கீல் அல்லது நீதித்துறை அங்கீகரித்த பிரதிநிதி. இந்தப் பட்டியல்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, பெயரைப் போட்டால் போதும். தாம்பரம் கோர்ட்டில் இருபது வருஷம் வாதாடிய வக்கீல் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அந்தத் தகுதியை வைத்து அமெரிக்கக் குடியேற்றத் துறையின் முன் உங்களுக்காக நிற்க முடியாது.

கணக்கா, வாதமா?

அடுத்து பார்க்க வேண்டியது, உங்கள் விண்ணப்பம் எந்த வகை என்பது. சில விண்ணப்பங்கள் வெறும் கணக்கு. விதியில் சொன்ன எண்ணும் உங்களிடம் உள்ள எண்ணும் பொருந்தினால் முடிந்தது. வேறு சில, ஒரு அதிகாரியைச் சம்மதிக்க வைக்கும் வாதம்.

கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முதல் வகை. வயது, படிப்பு, மொழித் தேர்வு, அனுபவம் என்று 1200 மதிப்பெண்ணுக்குக் கணக்குப் போடுகிறார்கள். சுயவிவரம் பதிவு செய்யக் கட்டணமே கிடையாது. ஐஇஎல்டிஎஸ் தேர்வில் குறைந்துபோன மதிப்பெண்ணை எந்த வக்கீலாலும் கூட்டித் தர முடியாது. விதிகள் மாறும் என்பது உண்மைதான். வேலை வாய்ப்புக் கடிதத்துக்குக் கிடைத்து வந்த மதிப்பெண்ணை 2025 மார்ச்சில் எடுத்துவிட்டார்கள். ஆனால் அதை அரசு தளமே சொல்லிவிடுகிறது. பழைய கணக்கைக் காட்டிப் பணம் கேட்கும் கன்சல்டன்சியிடம்தான் அது சொல்லப்படாமல் போகும்.

நம் நாட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. இந்தியரை மணந்த வெளிநாட்டவர் குடியுரிமை கேட்டு 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 5(1)(சி) பிரிவில் விண்ணப்பிக்கலாம். ஏழு வருஷம் இங்கே வசித்திருக்க வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் தொடர்ச்சியாகவும், அதற்கு முந்தைய எட்டு வருஷத்தில் மொத்தம் ஆறு வருஷமும் என்று அதைப் பிரித்து எண்ணுவார்கள். பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகளை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் நாமே எண்ணிவிடலாம்.

அமெரிக்க மாணவர் விசா இன்னொரு விதம். அங்கே சட்டத்தின் 214(பி) பிரிவுப்படி, நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று நிரூபிக்கும்வரை குடியேறப் போகிறவராகவே கருதப்படுவீர்கள். ஜெமினி மேம்பாலம் பக்கத்துத் தூதரகத்தில் ஜன்னலுக்கு முன்னால் நிற்கப்போவது நீங்கள் ஒருவர்தான். வக்கீலுக்கு அங்கே இடமில்லை. மறுத்தால் மேல்முறையீடும் இல்லை, மறுபடி விண்ணப்பிக்கலாம், அவ்வளவே. இதற்கு வக்கீல் ஃபீஸ் கட்டுவது வீண் என்றே நினைக்கிறேன்.

வாத வகைக்கு வருவோம். அமெரிக்காவில் ‘தேசிய நலன் விலக்கு’ என்ற பிரிவில் ஆராய்ச்சியாளர்கள் முதலாளி இல்லாமல் தாமே மனுப் போடலாம். தனசார் என்பவரின் மனுவில் 2016 டிசம்பரில் வந்த தீர்ப்பு மூன்று கேள்விகளை வைத்தது: உங்கள் முயற்சிக்கு உண்மையான மதிப்பும் தேசிய முக்கியத்துவமும் உண்டா, அதை முன்னெடுக்க நீங்கள் தகுதியானவரா, வழக்கமான நிபந்தனையைத் தளர்த்துவது அமெரிக்காவுக்கு நல்லதா. இதில் எண்ண எதுவும் இல்லை, எழுத்தும் சான்றும்தான். நன்றாக எழுதத் தெரிந்தவர் தாமே செய்யலாம், செய்தவர்களும் உண்டு. ஆனால் இந்தியர்களுக்கு ஒரு விசேஷம். ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பால் நம் வரிசை பல வருஷ நீளம். மனுப் போட்ட தேதிதான் வரிசையில் உங்கள் இடம். மனு நிராகரிக்கப்பட்டால் அந்த இடம் போய்விடும், திரும்பப் போடும் நாளிலிருந்துதான் எண்ணுவார்கள். ஃபீஸை எதிர்த் தட்டில் வைக்கும்போது இந்த வருஷங்களையும் வைத்துப் பாருங்கள்.

1987 ஜூலை 1

வக்கீல் எங்கே உண்மையில் தேவைப்படுகிறார் என்பதற்கு நான் அறிந்த சிறந்த உதாரணம் தமிழ்நாட்டில்தான் நடந்தது.

குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவுப்படி 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்புவரை இந்தியாவில் பிறந்தவர், ஒருசில விலக்குகள் தவிர, பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். பெற்றோர் எந்த நாட்டவர் என்ற கேள்வி இல்லை. அதற்குப் பிறகு 2004 டிசம்பர் 3க்கு முன்புவரை பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அதன் பின் பிறந்தவர்களுக்கு இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதமாக வந்தவர் அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மண்டபம் முகாமில் குழந்தைகள் பிறந்தன. 1986இல் பிறந்த அக்கா சட்டப்படி இந்தியர், 1989இல் பிறந்த தம்பி இந்தியர் இல்லை. ஒரே அம்மா, ஒரே முகாம், ஒரே ரேஷன். முகாம் பதிவேட்டில் இருவருமே இலங்கை அகதிகள். அக்காவுக்கே தான் குடிமகள் என்று தெரியாமல் முப்பது வருஷம் ஓடியிருக்கலாம்.

அப்படி 1986இல் மண்டபத்தில் பிறந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். அவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2022 ஆகஸ்ட்டில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அவர் பிறப்பால் இந்தியர், பாஸ்போர்ட் கொடுங்கள் என்று உத்தரவிட்டார். 2024 ஏப்ரல் 19 அன்று நாடாளுமன்றத் தேர்தலில் அவர் முதல்முறையாக ஓட்டுப் போட்டார்.

இதில் கவனிக்க வேண்டியது, பாஸ்போர்ட் படிவத்தை நிரப்ப வக்கீல் தேவைப்படவில்லை என்பது. பிறந்த தேதியும் இடமும் எழுத என்ன வக்கீல்? சட்டம் ஒன்று சொல்ல, அலுவலகம் இன்னொன்று சொன்ன இடத்தில்தான் வக்கீல் வந்தார். படிவம் நிரப்புவதும் வாதாடுவதும் இரண்டு வேலைகள். பலர் முதல் வேலைக்குக் கையில் உள்ளதெல்லாம் கொடுத்துவிட்டு, இரண்டாவது வேலை வரும்போது வெறுங்கையோடு நிற்கிறார்கள்.

பம்மல், பொழிச்சலூர், அனகாபுத்தூர் பக்கம் முகாமுக்கு வெளியே போலீஸ் பதிவோடு வாழும் குடும்பம் யாரையாவது தெரிந்தால், அந்த ஜூலை 1 தேதியை அவர்களிடம் சொல்லுங்கள். அந்தத் தேதிக்கு முன் இங்கே பிறந்தவர் வீட்டில் இருந்தால் முதலில் பிறப்புச் சான்றிதழைத் தேட வேண்டும். வக்கீல் வந்தாலும் அதைத்தான் முதலில் கேட்பார்.

கறை இருந்தால்

கணக்கு வகை விண்ணப்பத்திலும் வக்கீலைப் பார்த்தே ஆக வேண்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. முன்பு விசா மறுக்கப்பட்டது, தங்கும் காலம் தாண்டியது, போலீஸ் வழக்கு, பெயரிலோ பிறந்த தேதியிலோ முரண். இவை இருந்தால் படிவத்தில் ஒரு கட்டத்தை எப்படி நிரப்புகிறீர்கள் என்பதே ஆபத்து. தப்பான தகவலுக்குக் கனடா 5 வருஷம் தடை போடும். பிரிட்டனில் ஏமாற்றியதாக முடிவானால் 10 வருஷம் வரை. அமெரிக்காவில் வேண்டுமென்றே பொய் சொன்னதாக முடிவானால், விலக்கு கிடைக்காதவரை ஆயுள் முழுக்க. அமெரிக்காவில் ஒரு வருஷமோ அதற்கு மேலோ அனுமதியின்றித் தங்கிவிட்டு வெளியேறினால் 10 வருஷம் உள்ளே வர முடியாது.

“அது ஏஜென்ட் போட்டது, எனக்குத் தெரியாது” என்ற பதில் எளிதில் எடுபடாது. 2023இல் கனடாவில் வெடித்த விவகாரம் ஞாபகம் இருக்கலாம். ஜலந்தர் ஏஜென்ட் ஒருவர் போலி சேர்க்கைக் கடிதங்களை வைத்து மாணவர்களுக்கு விசா வாங்கிக் கொடுத்திருந்தார். பிள்ளைகள் போய்ப் படித்து, வேலைக்கும் சேர்ந்து, நிரந்தர வசிப்புக்கு விண்ணப்பித்தபோதுதான் கடிதம் போலி என்று வெளிப்பட்டது. நாடு கடத்தும் உத்தரவு ஏஜென்ட்டுக்குப் போகவில்லை, மாணவர்களுக்குப் போனது. போராட்டத்துக்குப் பிறகுதான் ஏமாற்றப்பட்டவர்களைத் தனித்தனியே விசாரித்துக் காப்பாற்றுவதாக அந்நாட்டு அமைச்சர் அறிவித்தார்.

யாருடைய வக்கீல்?

எச்1பி விசாவில் இருப்பவர்கள் “கம்பெனி வக்கீல் பார்த்துப்பார்” என்பார்கள். மனுப் போடுவது கம்பெனி. அந்த வக்கீல் ஃபீஸைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்றே அமெரிக்க விதி. நல்ல விதிதான். ஆனால் பணம் கொடுக்கிறவரின் நலன்தான் அவருக்கு முதலில். வேலை போனால் உங்களுக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அந்த நேரத்தில் கம்பெனி வக்கீலிடம் “எனக்கு எது நல்லது” என்று கேட்டால் அவர் தயங்குவது நியாயம். அப்போது சொந்தமாக ஒரு மணி நேர ஆலோசனைக்குக் காசு கொடுப்பது வீணில்லை.

இந்த ஒரு மணி நேர ஆலோசனை என்ற நடுவழியைப் பலர் யோசிப்பதே இல்லை. முழு ஃபைலையும் கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. நீங்களே எல்லாம் தயாரித்து, சிக்கலான இரண்டு கேள்விகளை மட்டும் எழுதிக்கொண்டு போகலாம். எங்க தெரு தம்பி ஒருத்தருக்குக் கனடா படிப்பு விசா ரிஜெக்ட் ஆனது. அம்மா நகையை அடகு வைத்து அதே கன்சல்டன்சியில் இரண்டாவது முறையும் கட்டத் தயாரானார். ரிஜெக்ட் ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. கனடாவில் இருக்கும் ஒருவர் மூலம் 5 டாலர் கட்டி அதிகாரியின் குறிப்பைக் கேட்டு வாங்கலாம் என்று சொன்னேன். காரணம் தெரியாமல் மறுபடி போடுவது அதே பள்ளத்தில் மறுபடி விழுவதுதான். அந்த முடிவை எதிர்த்து அங்குள்ள ஃபெடரல் கோர்ட்டுக்குப் போவதென்றால் வெளிநாட்டில் எடுத்த முடிவுக்கு 60 நாள்தான் கெடு, அதற்கு வக்கீல்தான் வேண்டும். உரிமம் பெற்ற ஆலோசகர்கூட அங்கே வாதாட முடியாது.

யாரிடம் கொடுத்தாலும் சில விஷயங்களை விட்டுக்கொடுக்காதீர்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். விண்ணப்பக் கணக்கில் உங்கள் மின்னஞ்சலும் போன் நம்பரும் இருக்கட்டும். அனுப்பும் முன் கடைசிப் பிரதியை வரிவரியாகப் படித்து ஒரு நகல் வாங்குங்கள். என்ன வேலைக்கு எவ்வளவு, மறுத்தால் என்ன என்பது எழுத்தில் இருக்கட்டும். “நூறு சதவீதம் கேரன்டி” என்று சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

இந்தியாவுக்குள் நடக்கும் விஷயத்துக்குப் பணம் இல்லையே என்றால், 1987ஆம் ஆண்டுச் சட்ட உதவிச் சட்டத்தின் 12ஆம் பிரிவைப் பாருங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. குறைந்த வருமானம் உள்ள மற்றவர்களுக்கும் உண்டு. அந்தப் பிரிவு “நபர்” என்கிறது, “குடிமகன்” என்று சொல்லவில்லை. நமக்கு செங்கல்பட்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, தொலைபேசி உதவி எண் 15100.

சுருக்கமாக என் வரிசை இது. அரசு தளத்தில் விதியைப் படியுங்கள். வெறும் கணக்கு, கறை ஏதும் இல்லை, தோற்றால் மறுபடி போடலாம் என்றால் நீங்களே போடுங்கள். வாதமாக இருந்து, தோற்றால் வருஷங்கள் போகும் என்றால் குறைந்தது ஒரு மணி நேரமாவது வக்கீலிடம் பேசுங்கள். கறை இருந்தால், அல்லது சட்டம் உங்கள் பக்கம் இருந்தும் அலுவலகம் மறுத்தால், நகைக்கடன் பணத்தை அதற்காக வைத்திருங்கள்.