பிறப்புக்காகக் காத்திருக்கும் நொதிகள்

கல்லீரல் கருவிலேயே உருவாகிவிடும் உறுப்பு என்றாலும், அதன் செல்களில் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்களாகிய நொதிகள் அனைத்தும் ஒரே வேளையில் தோன்றிவிடுவதில்லை. எலிக்குட்டிகளில் அவை கருக்காலத்தின் இறுதி, பிறப்பை ஒட்டிய மணிநேரங்கள், பால்குடி மறக்கும் பருவம் என மூன்று கட்டங்களில் கூட்டங்கூட்டமாகத் தோன்றுகின்றன.

சுமார் 22 நாள் நீடிக்கும் எலியின் சூல்காலத்தில், கடைசிச் சில நாட்களில் கருவின் கல்லீரல் கிளைக்கோஜன் என்னும் சேமிப்புச் சர்க்கரையை நிரப்பிக்கொள்கிறது. தொப்புள்கொடி அறுந்து தாயிடமிருந்து குளுக்கோஸ் வருவது நின்றதும் அந்தச் சேமிப்பு அரை நாளுக்குள் பெரும்பாலும் தீர்ந்துபோக, எலிப்பாலிலும் கொழுப்பு மிகுந்து சர்க்கரை குறைந்திருப்பதால், குட்டி தனக்கு வேண்டிய குளுக்கோஸைத் தானே ஆக்கிக்கொள்ள வேண்டியதாகிறது. இதற்கு இன்றியமையாத பாஸ்போஈனால்பைருவேட் கார்பாக்சிகைனேஸ் என்ற நொதி, கருவின் கல்லீரலில் இல்லையென்றே சொல்லத்தக்க நிலையிலிருந்து, பிறந்த ஓரிரு நாட்களுக்குள் முதிர்ந்த எலியின் அளவை எட்டிவிடுகிறது. குருதியில் சர்க்கரை தாழ்வதால் இன்சுலின் குறைந்து, அதற்கு எதிராக இயங்கும் குளுக்ககான் என்ற ஹார்மோன் பெருகுவதே இதற்குத் தூண்டுதல். நாள் நிறையும் முன்பே அறுவை மூலம் வெளியே எடுக்கப்பட்ட குட்டியிலும் இந்நொதி தோன்றிவிடுவதால், வயதைவிடப் பிறப்பே இங்கு முதன்மையானது என்பது தெளிவாகிறது. மாறாக, உணவிலிருந்து வரும் குளுக்கோஸைக் கல்லீரலில் பிடித்துவைக்கும் குளுக்கோகைனேஸ், பிறந்து இரண்டு வாரம் கழித்து, குட்டி தானியம் கொறிக்கத் தொடங்கும் காலத்தை ஒட்டியே தலைகாட்டுகிறது.

மனிதக் குழந்தையிலும் இதே ஒழுங்கைக் காணலாம். சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியை நீரில் கரையச்செய்து பித்தநீரில் வெளியேற்றும் குளுக்குரோனைல் டிரான்ஸ்ஃபரேஸ், பிறக்கும்போது பெரியவர்களிடம் உள்ளதில் ஏறக்குறைய 1 விழுக்காடே இருந்து, சுமார் மூன்று மாதத்தில் முழு அளவை அடைகிறது. பச்சிளங்குழந்தைகளின் மஞ்சள் காமாலைக்கு இது ஒரு முக்கியக் காரணமாயினும், இதை வெறும் குறையாகக் கருதலாகாது. கரையாத பிலிருபினே நஞ்சுக்கொடியை எளிதில் கடந்து தாயின் கல்லீரலைச் சென்றடையக்கூடியது என்பதால், கருவில் இந்நொதி முந்திக்கொண்டால் கழிவு கருவுக்குள்ளேயே தங்கிவிடும்.

ஆனால் மருந்துகள் இந்த ஒழுங்கை அறியாதவை. குளோரம்பெனிகால் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைச் செயலிழக்கச் செய்வதும் இதே வகை நொதியே. அது போதாத குறைமாதக் குழந்தைகளின் உடலில் மருந்து தேங்கி, தோல் சாம்பல் நிறமடைந்து, குருதியோட்டம் நிலைகுலைந்து, பல குழந்தைகள் இறந்தமை 1959இல் அமெரிக்க மருத்துவர்களால் வெளிப்படுத்தப்பட்டது. அதன் பின்னரே, எடையை மட்டும் கணக்கிட்டுப் பெரியவர்களின் அளவைச் சுருக்கித் தருவது பச்சிளங்குழந்தைக்குப் பொருந்தாது என்ற உணர்வு மருத்துவத்தில் வலுப்பெற்றது.