‘மஞ்சக் கடுதாசி’ கொடுத்தா கடன் தீர்ந்துடுமா? கொடுத்த பிறகுதான் வேலையே ஆரம்பம்!

கிரெடிட் கார்டு ரெண்டு, லோன் ஆப் மூணு, நண்பர்களிடம் கைமாத்து வேற. கோவில்பதாகையில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிற ஒருவருக்கு, சம்பளத்தைவிட இ.எம்.ஐ. அதிகமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். “பேசாம ஐ.பி. போட்டுடு” என்று யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார். அதற்குப் பிறகு கடனாளி என்னவெல்லாம் செய்ய வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

எந்தச் சட்டம்?

2016-ல் வந்த திவால் சட்டத்தில் தனிநபர்களுக்கும் தவணைத் திட்டம், 180 நாள் தடைக்காலம் எல்லாம் உண்டு. ஆனால் 2019 டிசம்பர் 1-ல் அது அமலுக்கு வந்தது, கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும். சாதாரண சம்பளக்காரருக்குப் பிரிட்டிஷ் காலத்துச் சட்டம்தான். சென்னை உயர் நீதிமன்றத்தின் அசல் சிவில் எல்லைக்குள் 1909-ம் ஆண்டுச் சட்டம். அதற்கு வெளியே 1920-ம் ஆண்டு மாகாண திவால் சட்டம். ஆவடி பக்கம் திருவள்ளூர் மாவட்டம் என்பதால் கோவில்பதாகைக்காரருக்கு 1920 சட்டம். கடன் 500 ரூபாய் இருந்தாலே மனு போடலாம்!

மறைச்சா மாட்டிக்குவீங்க

மனுவிலேயே யார் யாருக்கு எவ்வளவு பாக்கி, அவர்கள் முகவரி, தன்னிடம் உள்ள சொத்து, அதன் மதிப்பு என எல்லாவற்றையும் எழுத வேண்டும். கணக்குப் புத்தகம் இருந்தால் ஒப்படைக்க வேண்டும். நீதிமன்றமோ, சொத்தை நிர்வகிக்கும் ரிசீவரோ கூப்பிடும்போது போய் நிற்க வேண்டும், கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும். வேண்டுமென்றே தவறினால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

பலர் வழுக்குவது இதற்கு முன்பே. மனு போடுவதற்கு முந்தைய ரெண்டு வருஷத்துக்குள் ஊர் மனையைத் தம்பி பேருக்கு ‘சும்மா’ எழுதி வைத்திருந்தால், அதை நீதிமன்றம் ரத்து செய்யலாம். “மச்சான் கடனை மட்டும் முதல்ல அடைச்சிடலாம்” என்று ஒருவருக்கு மட்டும் சலுகை காட்டிப் பணம் கொடுத்து, மூணு மாசத்துக்குள் மனு வந்தாலும் அதே கதைதான்.

எல்லாமே போய்விடுமா என்றால், இல்லை. உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் தொழில் கருவிகள், மத வழக்கப்படி கழற்றக் கூடாத தாலி போன்றவற்றை எடுக்க முடியாது.

தவணைத் திட்டம்

திவாலானவர் என்று அறிவித்த பிறகு, “இவ்வளவு தருகிறேன், இத்தனை தவணையில் தருகிறேன்” என்று கடனாளியே திட்டம் கொடுக்கலாம். நிரூபிக்கப்பட்ட கடன்காரர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்க வேண்டும். அவர்களிடம் மொத்தக் கடன் தொகையில் முக்கால் பங்கும் இருக்க வேண்டும். ஆக, கால் பங்குக்கு மேல் வைத்திருக்கும் ஒரே ஒரு வங்கி வேண்டாம் என்றால் திட்டம் நின்றுபோகும். அதற்கு மேல் நீதிமன்றமும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒப்புதல் கிடைத்துவிட்டால் தவணை தவறவே கூடாது. தவறினால் நீதிமன்றம் திட்டத்தை ரத்து செய்து, மறுபடியும் திவாலானவர் என்று அறிவிக்கலாம்.

திட்டம் ஏற்கப்படாமல் திவாலானவராகவே இருக்கும் காலத்தில் இன்னொரு கட்டுப்பாடு: தன் நிலையைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது ரெண்டும். 1920-ல் எழுதிய தொகை அது. இன்றைக்கு மளிகைக் கடை அக்கவுன்ட்டில் ஒரு பால் பாக்கெட்டும் பிஸ்கட்டும் எழுதச் சொன்னாலே தாண்டிவிடும். மொபைலில் ஒரே டேப்பில் வருகிற லோனைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கடைசி மனு

கடனிலிருந்து விடுவிக்கச் சொல்லி, நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் கடனாளிதான் தனியாக மனு போட வேண்டும். மறந்தால் திவால் அறிவிப்பே ரத்தாகும், கடன்காரர்கள் பழையபடி வழக்குப் போடலாம். விடுவிப்பு கிடைத்தாலும் அரசுக்குக் கட்ட வேண்டியது, மோசடி செய்து வாங்கிய கடன், ஜீவனாம்சம் ஆகியவை தொடரும். வாங்கிய கடனுக்கு நண்பர் யாராவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்த விடுவிப்பு அவருக்குப் பொருந்தாது. வங்கி அவர் வீட்டுக்குப் போகலாம்.