போர் முடிந்த பிறகு அதை யார் எழுதுவது? பியாஃப்ராவும் நைஜீரிய நாவல்களும்

எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியர்கள் பலர் நைஜீரியாவுக்குப் படிப்பிக்கப் போனார்கள். அவர்கள் போய் இறங்கியது, பெரும் உள்நாட்டுப் போர் ஒன்று முடிந்து பத்துப் பதினைந்து வருடங்களே ஆகியிருந்த ஒரு நாட்டில். அந்த நாட்டின் மிக அறியப்பட்ட எழுத்தாளர் சினுவா அச்சேபே. 1958இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலை ஈழத்து எழுத்தாளர் என்.கே. மகாலிங்கம் ‘சிதைவுகள்’ என்ற பெயரில் தமிழுக்குக் கொண்டுவந்தார். வெள்ளையர் வருகையால் ஓர் இக்போ கிராமம் சிதைவதை அந்த நாவலில் வாசித்திருக்கிறோம். ஆனால், நாவல் வெளிவந்து பத்தாண்டுகள் ஆவதற்குள் அதே இக்போ மக்களுக்கு நேர்ந்தது பற்றித் தமிழில் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

நைஜீரியா 1960இல் சுதந்திரம் பெற்றது. 1966 ஜனவரியில் இளம் இராணுவ அதிகாரிகள் சிலர் நடத்திய சதிப்புரட்சி, ‘இக்போக்களின் சதி’ என்று வடக்கில் பார்க்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் எதிர்ப்புரட்சி நடந்தது. வடக்கு நகரங்களில் வாழ்ந்த இக்போ மக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பியவர்கள் ரயில்களிலும் லொறிகளிலும் கிழக்கே ஓடினார்கள். 1967 மே 30இல் கிழக்குப் பிராந்தியத்தின் ஆளுநராக இருந்த ஒடுமெக்வு ஒஜுக்வு, பியாஃப்ரா என்ற தனிநாட்டைப் பிரகடனம் செய்தார். ஜூலையில் போர் தொடங்கியது. 1970 ஜனவரியில் பியாஃப்ரா சரணடைந்தது.

முப்பது மாதங்கள். இறந்தவர்களின் தொகை பத்து இலட்சத்திலிருந்து முப்பது இலட்சம் வரை என்று மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. பெரும்பாலானவர்கள் குண்டு பட்டுச் சாகவில்லை. தரை, கடல் வழிகள் முற்றுகையிடப்பட்டதால் பட்டினியாலும் நோயாலும் இறந்தார்கள். அவர்களில் சிறுவர்களே அதிகம். வயிறு ஊதி, தலைமுடி செம்பட்டையாகிப்போன குழந்தைகளின் படங்கள் அன்று உலகப் பத்திரிகைகளில் வந்தன.

‘வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை’

போர் முடிந்ததும் இராணுவ ஆட்சியாளர் யாக்குபு கோவோன் அறிவித்த கொள்கை இதுதான். நல்லிணக்கம், புனர்வாழ்வு, புனர்நிர்மாணம் என்ற மூன்று சொற்களும் கூடவே வந்தன. அவர் பெரிய அளவில் பழிவாங்கலுக்கு இடம்கொடுக்கவில்லை என்பதைப் பல வரலாற்றாசிரியர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால், நடைமுறையில் நடந்தவை வேறு சில கதைகளையும் சொல்கின்றன. பியாஃப்ரா நாணயத்தைப் பயன்படுத்தியிருந்த கணக்குகளில் எவ்வளவு பணம் இருந்தாலும் 20 பவுண் மட்டுமே கிடைத்தது. போர்ட் ஹார்கோர்ட் நகருக்குத் திரும்பிய இக்போக்கள் பலரின் வீடுகள் ‘கைவிடப்பட்ட சொத்துகள்’ என்று வகைப்படுத்தப்பட்டு, வேறு ஆட்களின் கைக்குப் போயிருந்தன. 1967 ஒக்டோபரில் அசாபா நகரில், அரச படையினரை வரவேற்க வெள்ளை உடுத்து ஆடிப்பாடி வந்த ஆண்களும் சிறுவர்களும் பிரித்தெடுத்துக் கொல்லப்பட்டார்கள். அதற்காக எவரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை.

வென்றவரும் தோற்றவரும் இல்லையென்றால் விசாரிக்கவும் ஒன்றும் இல்லை என்றாகிவிட்டது. பாடசாலைகளில் போர் மேலோட்டமாகவே படிப்பிக்கப்பட்டது. 2000களின் இறுதியில் வரலாறு என்ற பாடமே ஆரம்ப, இடைநிலைப் பாடத்திட்டத்தில் தனிப்பாடமாக இல்லாமல் போனது. சில வருடங்களுக்குப் பிறகே அதைத் திரும்பக் கொண்டுவரும் முடிவு வந்தது. அரசு விட்ட இந்த வெற்றிடத்தில்தான் நாவல்கள் வந்து நின்றன.

போருக்குள் இருந்த எழுத்தாளர்கள்

இந்தப் போரை எழுத்தாளர்கள் வெளியில் நின்று பார்க்கவில்லை. நவீன ஆபிரிக்கக் கவிதையின் பெரும் குரலான கிறிஸ்டோபர் ஒகிக்போ, பியாஃப்ரா இராணுவத்தில் சேர்ந்து 1967இல் களத்தில் இறந்தார். அச்சேபே பியாஃப்ராவின் தூதுவராக வெளிநாடுகளுக்குப் போனார். யொரூபா இனத்தவரான வோலே சொயிங்கா போரைத் தடுக்க முயன்று கிழக்கே போய் ஒஜுக்வுவைச் சந்தித்தார். திரும்பியதும் அரசு அவரைக் கைது செய்தது. சுமார் இரண்டு வருடச் சிறைவாசத்தில் பெரும்பகுதியைத் தனிமையில் கழித்தார். அந்த அனுபவத்தை 1972இல் ‘த மேன் டைட்’ என்ற நூலாக எழுதினார். 1986இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பெண்கள் எழுதிய போர் வேறு மாதிரி இருந்தது. ஃபுளோரா ந்வாபாவின் ‘நெவர் அகெய்ன்’ (1975) குறுநாவலில் துப்பாக்கிகளைவிடப் பொய்களே பெரிய ஆபத்து. எதிரி நெருங்கிக்கொண்டிருக்கும்போது ‘நம் ஊர் விழாது’ என்று கூட்டம் போட்டுப் பேசும் பெரிய மனிதர்கள், ‘ஓடிவிடுவோம்’ என்று சொல்பவரைத் துரோகி என்கிறார்கள். எப்போது மூட்டை கட்டுவது, எதை எடுப்பது, எதை விடுவது என்ற கணக்கெல்லாம் பெண்களின் தலையில் விழுகிறது. புச்சி எமெச்செட்டா ‘டெஸ்டினேஷன் பியாஃப்ரா’வில் (1982) போரில் நடந்த பாலியல் வன்முறையை வெளிப்படையாக எழுதினார்.

சிறுபான்மைக்குள் சிறுபான்மை

பியாஃப்ரா இக்போக்களின் நாடு மட்டுமல்ல. அதற்குள் ஒகோனி, இஜாவ், இபிபியோ போன்ற சிறிய இனங்களும் வாழ்ந்தன. தங்களைக் கேட்காமலே உருவாக்கப்பட்ட தனிநாட்டில் அவர்களில் பலர் சந்தேகத்துடன் பார்க்கப்பட்டார்கள். ஒகோனி இனத்தவரான கென் சரோ-விவா போரில் அரசின் பக்கம் நின்றார். அதனால் பல இக்போ வாசகர்களுக்கு அவர் இன்றும் சங்கடமான பெயர்.

அவருடைய ‘சொசாபோய்’ (1985) நாவலில், சீருடைமீது கொண்ட ஆசையில் இராணுவத்தில் சேரும் ஒரு கிராமத்து இளைஞன், எதற்காகச் சண்டை என்று விளங்காமலே இரண்டு தரப்பிலும் போய் நிற்கிறான். கடைசியில் ஊர் திரும்பும்போது தாயும் மனைவியும் இல்லை. ஊரார் அவனை ஆவி என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். இலக்கண ஆங்கிலத்தை விட்டுவிட்டு, தெருவில் பேசும் உடைந்த ஆங்கிலத்திலேயே முழு நாவலையும் சரோ-விவா எழுதினார். பின்னாளில் ஒகோனி நிலத்தை எண்ணெய் அகழ்வு அழிப்பதற்கு எதிராகப் போராடிய அவரை, அவர் ஒருகாலத்தில் ஆதரித்த அதே அரசு 1995 நவம்பரில் வேறு எட்டுப் பேருடன் தூக்கிலிட்டது.

போரைக் காணாத தலைமுறை

சிமமாண்டா ங்கோசி அடிச்சி பிறந்தது 1977இல், போர் முடிந்து ஏழு வருடங்களுக்குப் பிறகு. அவருடைய இரண்டு தாத்தாக்களும் அந்தப் போரில் இறந்தவர்கள். பெற்றோரிடமும் உறவினரிடமும் கேட்டு, கிடைத்த நூல்களை வாசித்து அவர் எழுதிய ‘ஹாஃப் ஒஃப் எ யெலோ சன்’ 2006இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு பிரித்தானியாவின் ஒரேஞ்ச் பரிசைப் பெற்றது. பியாஃப்ரா கொடியில் இருந்த பாதிச் சூரியன்தான் தலைப்பு. நைஜீரியாவின் இளையவர்கள் பலருக்குப் போர் பற்றி முதலில் தெரிய வந்ததே இந்த நாவல் வழியாகத்தான்.

இதில் மூன்று விடயங்கள் முக்கியமானவை. ஒன்று, போரை எழுத முற்படும் பாத்திரம் ரிச்சர்ட் என்ற ஆங்கிலேயர். அவர் இக்போ மக்களை நேசிப்பவர், மொழியும் கற்றவர். ஆனால், இது தான் சொல்ல வேண்டிய கதையல்ல என்பதை அவர் கடைசியில் உணர்கிறார். நூலை எழுதி முடிப்பவன் உக்வு. ஒரு பேராசிரியரின் வீட்டுக்குப் பதின்மூன்று வயதில் வேலைக்கு வந்த கிராமத்துப் பையன்.

இரண்டு, அந்த உக்வுவின் கைகளும் சுத்தமில்லை. கட்டாய ஆட்சேர்ப்பில் பிடிபட்டு பியாஃப்ரா இராணுவத்தில் சேர்க்கப்படும் அவன், ஒரு மதுச்சாலைப் பெண்மீது நடத்தப்படும் கூட்டு வன்புணர்வில் பங்குகொள்கிறான். அடிச்சி அதை மன்னிக்கவுமில்லை, மறைக்கவுமில்லை. தன் மக்களின் துயரத்தை எழுத வந்தவர், தன் தரப்புச் செய்த குற்றத்தையும் அதே நூலுக்குள் வைக்கிறார். நாவலை நம்பவைப்பது பெருமளவுக்கு இந்த நேர்மைதான்.

மூன்று, கைனேனே. முகாமுக்கு உணவு தேடிப் போன அந்தப் பெண் திரும்பி வருவதில்லை. போர் முடிகிறது, தேடுகிறார்கள், நாவலும் முடிந்துவிடுகிறது. அவளுக்கு என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. காணாமற்போன ஒருவருக்காகக் காத்திருக்கும் வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இந்த முடிவைப் பற்றி விளக்கம் தேவையில்லை.

ஞாபகங்கள் மோதும் இடம்

நாவல் வந்ததால் மௌனம் கலைந்துவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. பியி பண்டேலே இயக்கத்தில் அதே நாவல் திரைப்படமானபோது, நைஜீரியத் தணிக்கைச் சபை 2014இல் அதன் வெளியீட்டைத் தாமதப்படுத்தியது. சில வெட்டுகளுக்குப் பிறகே படம் திரைக்கு வந்தது.

2012இல் அச்சேபே தன் போர்க்கால நினைவுகளை ‘தெயார் வோஸ் எ கன்ட்ரி’ என்று வெளியிட்டார். நாற்பது வருடங்களுக்கு மேல் காத்திருந்து எழுதிய நூல் அது. போர்க்கால நிதி ஆணையாளரும் யொரூபாக்களின் பெருந்தலைவருமான ஒபாஃபெமி அவோலோவோவைப் பட்டினிக் கொள்கைக்குப் பொறுப்பானவராக அதில் அவர் குற்றஞ்சாட்டினார். யொரூபா எழுத்தாளர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. பியாஃப்ரா தலைமையின் தவறுகளையும் சிறிய இனங்கள் அனுபவித்தவற்றையும் நூல் போதிய அளவு பேசவில்லை என்ற விமர்சனமும் எழுந்தது. அடிச்சி அந்த விவாதத்துக்கு எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘நாம் வேறுவேறாக நினைவுகொள்கிறோம்’ என்ற பொருள் தருவது.

எழுத்து இன்னும் தொடர்கிறது. சினெலோ ஒக்பரான்டாவின் ‘அண்டர் த உடாலா ட்ரீஸ்’ (2015), போரில் தந்தையை இழந்த ஓர் இக்போச் சிறுமிக்கும் ஒரு ஹவுசாச் சிறுமிக்கும் இடையிலான காதலைச் சொல்கிறது. சிகோசி ஒபியோமா 2024இல் வெளியிட்ட ‘த ரோட் டு த கன்ட்ரி’யில், தம்பியைத் தேடிப் பியாஃப்ராவுக்குள் போகும் யொரூபாத் தந்தைக்கும் இக்போத் தாய்க்கும் பிறந்த இளைஞன் அங்கேயே சிப்பாயாக்கப்படுகிறான். போர் முடிந்து ஐம்பது வருடங்களுக்கு மேலாகியும் எழுதுவதற்கு மிச்சம் இருக்கிறது.

இவற்றை வாசிக்கும்போது நமக்கு வேறு ஊர்ப் பெயர்கள் ஞாபகத்துக்கு வரலாம். ஆனால், பியாஃப்ராவை நமது கதையின் பிரதியாக மாற்றிவிட்டால் அந்த மக்களின் கதையைத் தவறவிடுவோம். நைஜீரிய எழுத்தாளர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியது ஒப்பீட்டை அல்ல, அவர்கள் எழுதிய முறையை. நாவல் விசாரணைக் குழு அல்ல. அது எவரையும் தண்டிக்காது, எவருக்கும் வீட்டைத் திருப்பிக் கொடுக்காது. ஆனால் ந்வாபா, சரோ-விவா, அடிச்சி மூவரையும் அருகருகே வைத்து வாசிக்கும்போது ஒன்று தெரிகிறது: ஒரு போரின் உண்மை ஒரு நூலுக்குள் அடங்குவதில்லை. நமக்குப் பிடிக்காத சாட்சியம் ஒன்றும் அதற்குள் இருக்கத்தான் செய்யும். அதையும் எழுதவிட்டதால்தான் அங்கே இன்னும் பேச்சு நடக்கிறது.